எண்ணெய்ப் பனைக்கு நடுவே இஞ்சி: நாலு வருஷக் காத்திருப்புக்கு கைகொடுக்குமா?

வேலையில் சேர்ந்த முதல் மூன்று, நான்கு வருஷம் சம்பளமே கிடையாது. அதற்குப் பிறகு 25 வருஷம், மாதத்துக்கு இரண்டு மூன்று முறை பணம் வரும். இப்படி ஒரு ஆஃபர் லெட்டர் வந்தால் கையெழுத்துப் போடுவீர்களா? எண்ணெய்ப் பனை நடும் விவசாயி கிட்டத்தட்ட இப்படி ஒரு ஒப்பந்தத்தில்தான் இறங்குகிறார்.

அந்தச் சம்பளம் இல்லாத வருஷங்களை எப்படி ஓட்டுவது? "நடுவுல ஊடுபயிர் போடுங்க, இஞ்சி போட்டா நல்ல காசு" என்பது அடிக்கடி சொல்லப்படும் பதில். யோசனை தவறில்லை. ஆனால் நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் மாதிரி, கொல்லிமலை அடிவாரத்துச் சமவெளியில் அது எவ்வளவு தூரம் ஒத்துவரும்? இடம், நிழல், தண்ணீர், நோய், விலை என ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் விடை தெரியும். ஊரில் நிலம் இருந்து, 'ஏதாவது புதுசா பண்ணலாமா' என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது என்றால், இந்தக் கணக்கு உங்களுக்கும் பயன்படும்.

முதல்ல, ஏன் இப்போ எண்ணெய்ப் பனை?

இந்தியா ஆண்டுக்கு 150 லட்சம் டன்னுக்கு மேல் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்கிறது. அதில் கிட்டத்தட்ட பாதி பாமாயில். பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியாவில் இருந்து வருகிறது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சில வாரங்களில் தடை விலகிவிட்டது என்றாலும், நம்ம ஊர் மளிகைக் கடை விலை யார் கையில் இருக்கிறது என்பது அப்போது புரிந்தது.

அதற்கு முன்பே, 2021 ஆகஸ்டில், மத்திய அரசு 'தேசிய சமையல் எண்ணெய் இயக்கம் - எண்ணெய்ப் பனை' என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்திருந்தது. மொத்த ஒதுக்கீடு 11,040 கோடி ரூபாய். 2025-26க்குள் சாகுபடிப் பரப்பை 10 லட்சம் ஹெக்டேராக உயர்த்துவது இலக்கு. கன்று வாங்க ஹெக்டேருக்கு 12,000 ரூபாயாக இருந்த உதவியை 29,000 ரூபாயாக உயர்த்தினார்கள். முதல் நாலு வருஷத்துக்கு, பராமரிப்புக்கு ஆண்டுக்கு 5,250 ரூபாய், ஊடுபயிருக்கு இன்னொரு 5,250 ரூபாய் என ஹெக்டேர் கணக்கில் உதவி உண்டு. அதாவது, காத்திருக்கும் காலத்தில் ஊடுபயிர் வேண்டும் என்பதை அரசுத் திட்டமே ஒத்துக்கொள்கிறது.

மரங்களுக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்கு?

எண்ணெய்ப் பனையை 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நடுகிறார்கள். ஹெக்டேருக்கு 143 மரம், ஏக்கருக்கு சுமார் 57. இந்த முறையில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே 7.8 மீட்டர் கிடைக்கும். கன்று சின்னதாக இருக்கும்போது பார்த்தால், 'இவ்வளவு நிலம் சும்மா கிடக்கே' என்றுதான் தோன்றும்.

ஆனால் அது முழுக்க காலி நிலம் இல்லை. மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி விட வேண்டும். முதல் வருஷம் 1 மீட்டர் ஆரம், இரண்டாம் வருஷம் 2 மீட்டர், மூன்றாம் வருஷம் 3 மீட்டர். உரம், தண்ணீர் போவது இங்கேதான். சத்தை உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால் இதற்குள் உழவோ, கொத்தோ கூடாது.

இஞ்சிக்கு 1 மீட்டர் அகலத்தில் மேட்டுப்பாத்தி போட்டு, பாத்திக்குப் பாத்தி அரை மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். இரண்டு பக்கமும் வட்டப்பாத்தியைக் கழித்துவிட்டு, நடந்து போக வழியும் விட்டால் இப்படி வரும்:

முதல் வருஷம்: 5.8 மீட்டர் மிச்சம். தாராளமாக 3 பாத்தி.

இரண்டாம் வருஷம்: 3.8 மீட்டர் மிச்சம். 2 பாத்தி.

மூன்றாம் வருஷம்: 1.8 மீட்டர் மிச்சம். 1 பாத்தி.

மூணு, ரெண்டு, ஒண்ணு. அவ்வளவுதான். இரண்டாம் வருஷத்தில் ஒரு ஏக்கர் தோப்பில் உண்மையில் இஞ்சி நிற்கும் பாத்திப் பரப்பு கிட்டத்தட்ட கால் ஏக்கர். 'ஒரு ஏக்கரில் இஞ்சி' என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தால், இங்கேயே அதைத் திருத்திக்கொள்வது நல்லது.

இஞ்சிக்கு என்ன வேணும்?

இஞ்சி லேசான நிழலை விரும்பும் பயிர். தென்னை, பாக்கு, காபித் தோட்டங்களில் ஊடுபயிராக நிற்பது இதனால்தான். வெதுவெதுப்பும் ஈரப்பதமும் வேண்டும், தண்ணீர் தேங்கவே கூடாது. மழையை நம்பி விளையும் பகுதிகளில் ஆண்டுக்கு 1,500 மி.மீ. அல்லது அதற்கு மேல், பரவலாகப் பெய்ய வேண்டும். பச்சை இஞ்சியாக விற்க ஆறு மாதத்தில் இருந்து தோண்டலாம். சுக்குக்கு என்றால் எட்டு மாதம்.

இங்கேதான் முதல் சிக்கல். கன்று நட்ட முதல் வருஷம் இடம் நிறைய இருக்கிறது, நிழல் துளியும் இல்லை. ஏப்ரல், மே மாத நாமக்கல் வெயிலில் அப்போதுதான் முளைத்த இஞ்சியின் இலை கருகிவிடும். மூன்றாம் வருஷம் பனை மட்டைகள் விரிந்து நிழல் வந்துவிடும், ஆனால் ஒரு பாத்திக்குத்தான் இடம் மிஞ்சும். இடம் இருக்கும்போது நிழல் இல்லை, நிழல் வரும்போது இடம் இல்லை.

இரண்டும் ஓரளவு சேர்ந்து கிடைப்பது இரண்டாம் வருஷத்தில் மட்டும். அப்போதும் பாத்தி ஓரத்தில் துவரை, ஆமணக்கு போன்றவற்றை நட்டுக் கொஞ்சம் நிழல் ஏற்படுத்தி, பாத்தி மேல் தழை, இலை பரப்பி மூடாக்கு போட வேண்டியிருக்கும். நட்டதும் ஒரு முறை, பிறகு 40ஆம் நாள், 90ஆம் நாள் என மூன்று முறை மூடாக்கு போடச் சொல்கிறது சாகுபடிப் பரிந்துரை. ஹெக்டேருக்கு 10 டன்னுக்கு மேல் தழை தேவை. அதை எங்கிருந்து கொண்டுவருவது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

பெயரில் ஒரு சின்னக் குழப்பமும் உண்டு. வளர்ந்த எண்ணெய்ப் பனைக்கு நடுவே 'ஜிஞ்சர்' வளர்க்கலாம் என்று இணையத்தில் பார்த்தால், அது சமையல் இஞ்சிதானா என்று கவனியுங்கள். ஜிஞ்சர் லில்லி என்ற அலங்காரப் பூச்செடியும் இந்தத் தோப்புகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் விற்கும் சந்தை வேறு.

சேந்தமங்கலத்தில் தண்ணி கணக்கு

எண்ணெய்ப் பனை என்று பெயர் இருப்பதால், ஏரிக்கரையில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கும் நம்ம பனை மரம் மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. இது மேற்கு ஆப்பிரிக்காவின் ஈரமான வெப்பப் பகுதியில் இருந்து வந்த மரம். வளர்ந்த மரம் ஒன்றுக்குக் கோடையில் நாளைக்கு 150 முதல் 250 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஏக்கருக்கு 57 மரம் என்றால் 8,500 முதல் 14,000 லிட்டர். சென்னை அபார்ட்மென்ட்டுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கருக்கு தினமும் கிட்டத்தட்ட ஒரு லாரி.

நாமக்கல் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 700 மி.மீ. மலைக்கு மேலே கொல்லிமலையில் சில்வர் ஓக் நிழலில் மிளகும் காபியும் வருகின்றன. அந்தக் குளிர்ச்சி கீழே காரவள்ளியைத் தாண்டி சேந்தமங்கலம் வரை இறங்கி வராது. இஞ்சி கேட்கும் 1,500 மி.மீ.யில் 700ஐக் கழித்தால், ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு 800 லிட்டர் பற்றாக்குறை. இரண்டாம் வருஷத்துப் பாத்திப் பரப்பான 1,050 சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 8.4 லட்சம் லிட்டர், அதாவது 70 லாரி. எட்டு மாதத்தில் பிரித்தால் நாளைக்கு 3,500 லிட்டர். மழையில் ஒரு பகுதி ஓடிப்போவதால், சொட்டுநீரும் மூடாக்கும் இருந்தால் இதைவிடக் குறைவாகவே ஆகும். இருந்தாலும் போர்வெல்லில்தான் எடுக்க வேண்டும்.

இளங்கன்றுகளுக்குத் தண்ணீர் தேவை குறைவு. அதனால் முதல் இரண்டு மூன்று வருஷம் இஞ்சிக்கும் சேர்த்துத் தண்ணீர் போதுமானதாக இருக்கும். 'தண்ணிப் பிரச்சனையே இல்ல' என்ற நம்பிக்கை வரும். ஆறாவது, ஏழாவது வருஷம் மரம் முழுசாகக் கேட்கும்போதுதான் போர்வெல்லின் உண்மையான பலம் தெரியும். இஞ்சிக்குக் கிணறு போதுமா என்பதைவிட, ஏழாம் வருஷ ஏப்ரலில் பனைக்குப் போதுமா என்பதுதான் நடும் முன் கேட்க வேண்டிய கேள்வி.

ஒரே மண்ணில் ரெண்டு தடவை வேண்டாம்

கேரள விவசாயிகள் பலர் கர்நாடகாவுக்குப் போய் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து இஞ்சி போடுகிறார்கள். ஒரு முறை எடுத்ததும் அடுத்த வருஷம் வேறு நிலம் தேடிப் போகிறார்கள். காரணம், மண்ணில் தங்கும் நோய்கள்.

பித்தியம் என்ற பூஞ்சை வகையால் வரும் கிழங்கு அழுகல் நோய் முதலாவது. தண்டின் அடிப்பகுதி கொழகொழவென்று ஆகி, செடி மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்துவிடும். இரண்டாவது பாக்டீரியா வாடல் நோய். இரண்டுமே விதைக் கிழங்கோடும், தேங்கும் தண்ணீரோடும் பரவும். வந்துவிட்டால் பாத்தி பாத்தியாகப் போகும்.

எனவே நோயில்லாத தோட்டத்து விதை, மேன்கோசெப் கரைசலில் அரை மணி நேரம் விதை நேர்த்தி, ட்ரைக்கோடெர்மா கலந்த மக்கிய எரு, வேப்பம் புண்ணாக்கு, நல்ல வடிகால் ஆகியவை கட்டாயம். கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன நாமக்கல்லில் கோழி எரு எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதை நன்றாக மக்கவைத்த பிறகே போட வேண்டும்.

முன்பயிரும் முக்கியம். தக்காளி, கத்திரி, மிளகாய் போட்ட இடத்தில் வாடல் பாக்டீரியா தங்கியிருக்கலாம் என்பதால் அங்கே அடுத்து இஞ்சி வேண்டாம். முதல் வருஷம் சின்ன வெங்காயம், உளுந்து, பாசிப்பயறு மாதிரி ஒன்று, இரண்டாம் வருஷம் இஞ்சி, மூன்றாம் வருஷம் மறுபடி பயறு வகை என்று போனால், ஒரு இடத்தில் ஒரே ஒரு முறைதான் இஞ்சி வரும். மண்ணும் தப்பும், பனையும் தப்பும்.

தோண்டும்போது இன்னொரு கவனம் தேவை. ஆசையில் வட்டப்பாத்திக்குள் இஞ்சியை நட்டுவிட்டால், அறுவடையில் பனையின் வேரும் சேர்ந்து அறுபடும். ஊடுபயிருக்கு வெளிச்சம் வேண்டும் என்று பனை மட்டையை வெட்டுவதோ, சேர்த்துக் கட்டுவதோ கூடாது. கால் ஏக்கர் இஞ்சிக்காக 25 வருஷ மரத்தின் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்வது லாபமே இல்லை.

சரி, காசு எவ்வளவு வரும்?

தனிப் பயிராக இஞ்சி ஹெக்டேருக்கு 15 முதல் 25 டன் வரை பச்சைக் கிழங்கு தரும், அதாவது ஏக்கருக்கு 6 முதல் 10 டன். தோப்பில் இரண்டு பாத்தி முறையில் அந்தப் பாத்திப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குதான் கிடைக்கும் என்பதால், எல்லாம் சரியாகப் போனால் ஏக்கருக்கு இரண்டரை டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிலோவுக்கு 20 ரூபாய் கிடைத்தால் 50,000 ரூபாய். 60 ரூபாய் கிடைத்தால் 1,50,000 ரூபாய். அதே நிலம், அதே உழைப்பு. இஞ்சி விலை இப்படி ஆடக்கூடியதுதான். 2023ஆம் ஆண்டு நடுவில் சில்லறைக் கடையில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அப்படி ஏறும் வருஷத்தில் எல்லோரும் இஞ்சி போடுவார்கள், அடுத்த அறுவடையில் விலை சரியும்.

செலவில் பெரியது விதை. தனிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 1,500 முதல் 1,800 கிலோ விதை இஞ்சி பிடிக்கும். நம்ம இரண்டு பாத்திக் கணக்கில் ஏக்கருக்கு சுமார் 250 கிலோ. கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் விதைக்கு மட்டும் 15,000. அரசு தரும் ஊடுபயிர் உதவி, ஹெக்டேருக்கு 5,250 என்பது ஏக்கருக்கு 2,125 ரூபாய். அதில் 35 கிலோ விதைதான் வாங்க முடியும். விலை ஏறிய வருஷத்தில் விதையும் ஏறும் என்பதால், உச்ச விலையைப் பார்த்து உள்ளே வருபவர்தான் அதிக செலவில் மாட்டுவார்.

விதைச் செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒரே ஒரு முளை உள்ள, சுமார் 5 கிராம் துண்டுகளைக் குழித்தட்டில் நாற்றாக வளர்த்து நடும் முறை அது. விதைத் தேவை ஹெக்டேருக்கு 500 முதல் 750 கிலோவாகக் குறைந்துவிடும். நோயுள்ள துண்டை நாற்றங்காலிலேயே கழித்துவிடலாம் என்பது கூடுதல் பலன்.

எண்ணெய்ப் பனையின் விலைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆலை தரும் பழக்குலை விலை, கச்சா பாமாயில் விலையில் 14.3 சதவீதம் என்பது திட்டத்தின் சூத்திரம். கச்சா எண்ணெய் டன் ஒரு லட்சம் ரூபாய் என்றால் பழக்குலை டன்னுக்கு 14,300 ரூபாய். நிர்ணயித்த அளவுக்குக் கீழே விலை விழுந்தால் வித்தியாசத்தை அரசு ஈடுகட்டும். இருந்தாலும் அந்தக் கச்சா எண்ணெய் விலை உலகச் சந்தையையும் இறக்குமதி வரியையும் பொறுத்தது. கச்சா பாமாயிலுக்கான அடிப்படை சுங்க வரி 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக உயர்ந்தது, 2025 மே கடைசியில் 10 சதவீதமாகக் குறைந்தது. ஒன்பதே மாதத்தில் இவ்வளவு மாற்றம்.

மரம் வளர்ந்த பிறகு இஞ்சி வருமா?

நாலு வருஷத்துக்குப் பிறகு மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தோப்பு இருட்டாகிவிடும். அப்போது இஞ்சி வளர்ந்தாலும் கிழங்கு பிடிக்காது. 8 முதல் 12 வருஷத்தில், மரம் 3 மீட்டர் உயரம் தாண்டியதும் கொஞ்சம் வெளிச்சம் மறுபடி உள்ளே வரும். ஆந்திராவில் பெதவேகியில் உள்ள இந்திய எண்ணெய்ப் பனை ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கட்டத்துக்குச் சொல்வது கோகோ, மிளகு, ஹெலிகோனியா, ஜிஞ்சர் லில்லி போன்றவற்றை. கோதாவரி மாவட்டங்களில் எண்ணெய்ப் பனைக்கு நடுவே கோகோ நிற்பதைப் பார்க்கலாம்.

மலேசியாவில் இந்தப் பிரச்சனையை நடவு முறையிலேயே தீர்க்கப் பார்த்திருக்கிறார்கள். அங்குள்ள பாமாயில் வாரியம், இரண்டு வரிசைகளை நெருக்கி நட்டு, அடுத்த ஜோடி வரிசைக்கு முன் அகலமான இடைவெளி விடும் இரட்டை வரிசை முறையைப் பரிந்துரைக்கிறது. மர எண்ணிக்கையை அதிகம் குறைக்காமல் ஊடுபயிருக்குப் பல வருஷம் வெளிச்சம் கிடைக்கச் செய்வது இதன் நோக்கம். ஆனால் அங்கே மழை நம்மைவிடப் பல மடங்கு.

இஞ்சியா, மஞ்சளா?

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்திலேயே நாமகிரிப்பேட்டை இருக்கிறது, மஞ்சளுக்குப் பேர்போன ஊர். மஞ்சளும் இஞ்சிக் குடும்பம்தான், எண்ணெய்ப் பனைக்கான ஊடுபயிர்ப் பட்டியலிலும் இருக்கிறது. இந்தச் சமவெளியின் வெயிலுக்கும் பாசனத்துக்கும் பழகிய பயிர். விதை, வேலை தெரிந்த ஆட்கள், வேகவைக்கும் வசதி, ஏலம் எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே உண்டு. வேகவைத்துக் காயவைத்தால் விலைக்காகக் காத்திருக்கலாம். பச்சை இஞ்சியில் அந்த அவகாசம் குறைவு.

அதனால் இந்தப் பகுதியில் முதல் முறை ஊடுபயிர் போடுபவருக்கு மஞ்சள்தான் ஆபத்துக் குறைந்த தேர்வு. இஞ்சியைப் பரிசோதனையாக நாலைந்து சென்ட்டில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் இஞ்சி எடுத்த பாத்தியில் அடுத்து மஞ்சளோ, மஞ்சள் எடுத்த இடத்தில் இஞ்சியோ வேண்டாம். கிழங்கு அழுகல் இரண்டையும் தாக்கும்.

நடும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பழக்குலையை வாங்கும் ஆலை எவ்வளவு தூரம்? அறுத்த 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் குறையும். சேகரிப்பு மையம் எங்கே, வண்டிச் செலவு யாருடையது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

2. கடந்த சில கோடைகளில் போர்வெல் எத்தனை மணி நேரம் ஓடியது? வளர்ந்த மரத்தின் தேவையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

3. நிலத்தில் தண்ணீர் தேங்குமா? ஐப்பசி மழையில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். தேங்கினால் இஞ்சி வேண்டாம்.

4. விதை இஞ்சி எங்கிருந்து வருகிறது? போன வருஷம் அந்தத் தோட்டத்தில் அழுகல் இருந்ததா?

5. கிலோ 20 ரூபாய்க்கு விற்றாலும் வீட்டுச் செலவு ஓடுமா? ஓடாது என்றால், இரண்டாம் வருஷ வருமானத்தை இஞ்சியை மட்டும் நம்பி எழுதாதீர்கள்.

மானியம், கன்று, ஊடுபயிர் உதவி பற்றிய நடப்பு விவரங்களை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். மண், தண்ணீர் பரிசோதனையையும் அப்போதே முடித்துவிடுவது நல்லது.

மொத்தத்தில், எண்ணெய்ப் பனைத் தோப்பில் இஞ்சி ஒரு வருஷத்துப் பயிர். அதுவும் இரண்டு பாத்தி அளவுக்கு. அந்த ஒரு வருஷத்துக் கைச்செலவுக்கு அது உதவும். காத்திருக்கும் நாலு வருஷத்தையும் அது ஒன்றே தாங்கும் என்று நம்பி நிலத்தை மாற்றினால், நஷ்டம் இஞ்சியோடு நிற்காது.